கேட்ச் பிடித்தவருக்கே தெரியாதா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. ஸ்லிப்பில், அதாவது விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில், தாழ்வாக வந்த பந்தை ஒருவர் பிடிக்கிறார், கையை உயர்த்தி அப்பீல் செய்கிறார், பிறகு ரீப்ளேயில் பந்து தரையில் பட்டு வந்தது தெரிகிறது. கையில் வாங்கியவருக்கு அது தெரியாமலா இருக்கும், தெரிந்தே கேட்டால் அது பித்தலாட்டம்தானே என்பது உங்கள் கட்சி. "கேட்பது அவன் வேலை, தீர்ப்பு சொல்வது அம்பயர் வேலை, இதில் நேர்மை எங்கே வந்தது?" என்பது உங்கள் நண்பரின் கட்சி. யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: கையைத் தூக்கும் அந்த ஃபீல்டர் அம்பயரிடம் கேள்வி கேட்கிறாரா, சாட்சி சொல்கிறாரா? அதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் உங்கள் இருவரின் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

நான் லீக் போட்டிகளில் பன்னிரண்டு வருடம் ஸ்லிப்பில் நின்றவன், அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அதே லீக் போட்டிகளில் அம்பயராக நிற்பவன். சர்வதேசப் போட்டிகளை உங்களைப் போலவே திரையில்தான் பார்த்திருக்கிறேன். கேமரா இல்லாத மைதானத்தில் ஒரு கேட்ச் எப்படித் தீர்மானமாகிறது என்பது எனக்குக் கைப்பழக்கம். ரீப்ளே பார்த்துத் தீர்ப்பு சொல்லும் மூன்றாவது நடுவரின் அறைக்குள் எப்படி இருக்கும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை.

முதலில் சந்தேகமில்லாத பகுதி. கிரிக்கெட் சட்டங்களில் 31-வது சட்டம் அப்பீலைப் பற்றியது. யாரும் கேட்காவிட்டால் அம்பயர் அவுட் கொடுக்க முடியாது, கண்ணெதிரே நடந்தாலும் முடியாது. 2024 பிப்ரவரியில் அடிலெய்டில் நடந்த டி20 போட்டியில் வெஸ்ட் இண்டீஸின் அல்சாரி ஜோசப் கிரீஸை எட்டுவதற்கு முன்பே ஸ்டம்ப் கலைக்கப்பட்டது. பெரிய திரையில் ரீப்ளேயைப் பார்த்த பிறகுதான் ஆஸ்திரேலியர்கள் கொண்டாடத் தொடங்கினார்கள். நேரத்தில் யாரும் அப்பீல் செய்யவில்லை என்று அம்பயர் ஜெரார்ட் அபூட் அவுட் தர மறுத்துவிட்டார். ஆக, அப்பீல் என்பது ஆட்டத்தின் ஒழுங்குக்குள் இருக்கும் ஒரு கடமை. "ஹவ்ஸ் தட்" என்ற அந்தக் கூவலின் பொருளே "எப்படி?" என்பதுதான். பந்து ஸ்டம்பில் படாமல் பேட்டரின் கால் தடுத்தது என்று எல்பிடபிள்யூவுக்குக் கத்தும் பவுலருக்குப் பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டியிருக்குமா என்று தெரியாது. தெரியாததைக் கேட்கிறார். அதில் பொய் இல்லை. இந்த இடத்தில் உங்கள் நண்பர் சொல்வது முழுக்கச் சரி.

அடுத்தது கேட்ச். 33-வது சட்டம். இதில் பார்வையாளர்களிடம் நான் அதிகமாகக் காணும் தவறு, கை தரையைத் தொட்டால் கேட்ச் இல்லை என்று நினைப்பது. பந்தைப் பிடித்த கை தரையில் பட்டாலும் கேட்ச் செல்லும். பந்துதான் தரையில் படக்கூடாது. புறங்கை புல்லில் அழுந்தி, விரல்கள் பந்துக்கு அடியில் இருந்தால் அது நல்ல கேட்ச். இன்னொரு அம்சம், கேட்ச் எப்போது முடிகிறது என்பது. பந்து உடம்பில் முதலில் பட்ட கணத்தில் தொடங்கி, பந்தும் தன் உடம்பின் அசைவும் இரண்டும் ஃபீல்டரின் முழுக் கட்டுப்பாட்டுக்குள் வரும்போதுதான் கேட்ச் நிறைவடைகிறது. 2023-ல் லார்ட்ஸில் இங்கிலாந்தின் பென் டக்கெட்டை ஆஸ்திரேலியாவின் மிட்செல் ஸ்டார்க் பிடித்தது நினைவிருக்கும். பந்து கையில் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் சறுக்கிக்கொண்டே போகும்போது பந்து புல்லில் தேய்ந்தது. உடம்பு இன்னும் நிற்கவில்லை, அதனால் கேட்ச் முடியவில்லை. நாட் அவுட். ஆஸ்திரேலியர்களுக்குக் கோபம் வந்தது, ஆனால் சட்டப்படி அது சரியான தீர்ப்பு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதே சமயம் ஸ்டார்க் ஏமாற்றினார் என்றும் சொல்ல மாட்டேன். மறைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பிடித்துவிட்டோம், கேட்ச் முடிந்தது என்று அவர் நம்பினார், அந்த "முடிந்தது" மட்டும் தவறு.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பிடித்தவருக்குத் தெரியுமா? மூன்று வகைக் கேட்சுகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் இடையில் வந்தால் யாருக்கும் சந்தேகம் இல்லை. பந்து நன்றாகத் தரையில் குத்தி எழும்பி வந்தால் கையில் விழும் விதமே வேறு. மேலிருந்து இறங்கி உள்ளங்கையை அடிக்காமல், கீழிருந்து ஏறி விரலடியில் வந்து முட்டும். ஸ்லிப்பில் நாலு சீசன் நின்ற எவருக்கும் அந்த வித்தியாசம் தெரியும். தெரியவில்லை என்று அவர் சொன்னால் நான் நம்ப மாட்டேன். மூன்றாவது வகைதான் சிக்கல். தரைக்கு ஒரு விரல் உயரத்தில் வரும் பந்து. வேகப்பந்து பேட்டின் விளிம்பில் பட்டு, அதாவது எட்ஜ் வாங்கி, ஸ்லிப்புக்கு வந்து சேர ஏறக்குறைய அரை வினாடி. அதற்குள் பாய வேண்டும், விரலை அடியில் செலுத்த வேண்டும். பந்து விரலில் மோதுவதும் விரல் தரையில் மோதுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். இரண்டு அடியும் ஒரே அடியாகத்தான் உணரப்படும். பாயும்போது தலை திரும்பிவிட்டால் கண்ணும் உதவாது. கீப்பருக்குக் கையுறையும் உணர்ச்சியை மழுக்கிவிடும். இப்படிப்பட்ட பந்துகளை நானே பிடித்திருக்கிறேன். நல்ல கேட்ச் என்று அந்தக் கணத்தில் சத்தியம் செய்திருப்பேன். பக்கத்தில் நின்றவர் "இல்லைடா, பட்டுடுச்சு" என்று சொன்ன பிறகுதான் எனக்கே ஐயம் வந்தது. ஆகவே ரீப்ளேயில் தரையில் பட்டது என்று தெரிந்ததாலேயே ஒருவர் பொய் சொன்னார் என்று ஆகிவிடாது.

ரீப்ளேயும் நீங்கள் நம்புகிற அளவுக்கு நேர்மையான சாட்சி அல்ல. மைதானத்தின் எல்லைக்கு அப்பால் இருந்து தொலைநோக்கு லென்ஸ் வழியாக எடுக்கும் படம் ஆழத்தை நசுக்கிவிடும். பந்துக்கு முன்னால் இருக்கும் புல்லும் பந்துக்கு அடியில் இருக்கும் புல்லும் ஒரே இடத்தில் இருப்பது போலத் தெரியும். விரல் அடியில் இருந்தாலும் புல்லுக்குள் அமிழ்ந்துவிட்டால் பந்து தரையில் உட்கார்ந்திருப்பது போலவே படம் காட்டும். மெதுவாக ஓட்டினால் இந்தக் குறை தீராது, கூடும். 2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில், ஓவல் மைதானத்தில், இந்தியாவின் சுப்மன் கில்லை ஆஸ்திரேலியாவின் கேமரன் கிரீன் கல்லியில் (ஸ்லிப்புக்கு அடுத்த இடம்) பிடித்தாரே, அது இந்த வகை. மூன்றாவது நடுவர் ரிச்சர்ட் கெட்டில்பரோ அவுட் கொடுத்தார். கில் அந்தப் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போட்டு, அதற்காகப் போட்டி ஊதியத்தில் 15 சதவீதம் அபராதமும் கட்டினார். பந்துக்கு அடியில் கிரீனின் விரல்கள் இருந்தன என்பது என் கணிப்பு. பந்தின் ஒரு விளிம்பு புல்லைத் தொட்டதா என்பதை அந்தப் படங்களை வைத்து யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். களத்தில் நிற்கும் அம்பயர் முதலில் தன் கருத்தைச் சொல்லும் சாஃப்ட் சிக்னல் முறையை ஐசிசி அந்தப் போட்டிக்குச் சற்று முன்னால்தான் நீக்கியிருந்தது. நீக்கியது நல்லது என்பது என் எண்ணம். பவுலர் பக்கம் நிற்கும் அம்பயருக்கும் ஸ்லிப்புக்கும் இடையில் ஏறக்குறைய நாற்பது மீட்டர். நடுவில் பேட்டர், சில நேரம் கீப்பர். பார்க்க முடியாததை ஊகித்துச் சொல்ல வைத்துவிட்டு, அந்த ஊகத்தை மாற்றப் பலமான ஆதாரம் வேண்டும் என்பது எனக்கு என்றுமே உவக்கவில்லை.

அம்பயர் பார்க்காமலே போவதும் உண்டு. 1981 பிப்ரவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவின் ட்ரெவர் சாப்பல் கடைசிப் பந்தைத் தரையில் உருட்டிவிட்டது உலகத்துக்கே தெரியும். அதே ஆட்டத்தில் முன்னதாக, நியூஸிலாந்தின் மார்ட்டின் ஸ்னெடன் ஓடிவந்து முன்னால் பாய்ந்து ஆஸ்திரேலியாவின் கிரெக் சாப்பலைப் பிடித்தார். அப்போது அம்பயர்கள் இருவரும் பேட்டர்கள் கிரீஸைத் தொடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம், கேட்சைக் கவனிக்கவில்லை. கிரெக் சாப்பல் நகரவில்லை. கடைசியில் 90 ரன் எடுத்தார். இரண்டு அம்பயர்களும் பார்க்காத, அன்று மூன்றாவது நடுவர் என்ற ஏற்பாடே இல்லாத ஒரு கேட்சில், ஃபீல்டரின் வாயைத் தவிர வேறு சாட்சி ஏது?

அதனால்தான் கேள்வி வேறு, சாட்சி வேறு என்கிறேன். எல்பிடபிள்யூவில் பவுலருக்குத் தெரிந்ததைவிட அம்பயருக்கு அதிகம் தெரியும். தாழ்வான கேட்சில் நிலைமை தலைகீழ், அம்பயருக்குத் தெரியாத ஒன்று ஃபீல்டரின் விரலுக்குத் தெரியும். அந்த இடத்தில் பந்தை உயர்த்திக் காட்டுவது கேள்வி ஆகாது. "நான் பிடித்தேன்" என்ற வாக்குமூலம். தெரிந்தே அதைப் பொய்யாகச் சொல்வது, உங்கள் சொல்லை நானும் ஏற்கிறேன், பித்தலாட்டம்தான். கிரிக்கெட்டும் அதை அப்படித்தான் நடத்தியிருக்கிறது. 2003-ல் முல்தான் டெஸ்டில் பாகிஸ்தான் கேப்டனும் கீப்பருமான ரஷீத் லத்தீஃப், பங்களாதேஷின் அலோக் கபாலியைப் பிடித்ததாகக் கோரினார், அவுட்டும் கிடைத்தது. பந்து தரையில் விழுந்தது ரீப்ளேயில் தெரிந்தது. மேட்ச் ரெஃப்ரி அவரை ஐந்து ஒருநாள் போட்டிகளுக்கு விலக்கினார். அந்த டெஸ்டில் பாகிஸ்தான் ஒரே ஒரு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அன்று வரை ஒரு டெஸ்டும் வென்றிராத பங்களாதேஷ், முதல் வெற்றிக்கு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்டனை வந்தது, ஆனால் தோல்வி தோல்விதான். 2013 சாம்பியன்ஸ் டிராஃபியில் பாகிஸ்தானின் மிஸ்பாவைப் பிடித்ததாக நின்ற வெஸ்ட் இண்டீஸ் கீப்பர் தினேஷ் ராம்தினுக்கு முழுப் போட்டி ஊதியமும் அபராதம், கூடவே இரண்டு ஒருநாள் போட்டித் தடை. ஸ்டார்க்குக்கு ஒன்றுமில்லை, ராம்தினுக்கு இவ்வளவா என்று கேட்டால், ராம்தின் விஷயத்தில் பந்து கையை விட்டே நழுவித் தரையில் விழுந்தது. அது தனக்குத் தெரியவில்லை என்று அவர் சொன்னால் ஏற்பது கடினம்.

ஃபீல்டரின் வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொள்வோம் என்று இரண்டு கேப்டன்கள் கைகொடுத்துக்கொண்டால் என்ன? 2007–08 தொடருக்கு முன் ஆஸ்திரேலியக் கேப்டன் பாண்டிங்கும் இந்தியக் கேப்டன் கும்ப்ளேயும் அதைத்தான் செய்தார்கள். சிட்னி டெஸ்டின் கடைசி நாள், கங்குலியின் எட்ஜை ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கிளார்க் ஸ்லிப்பில் தாழ்வாகப் பிடித்தார். கங்குலி நின்றார். அம்பயர் மார்க் பென்சன் பாண்டிங்கிடம் கேட்க, பாண்டிங் விரலை உயர்த்த, அவுட். கிளார்க்கின் விரலுக்கு அன்று என்ன தெரிந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அதில் நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அதே டெஸ்டில் அதே கிளார்க், தான் சந்தித்த முதல் பந்திலேயே கும்ப்ளேயின் பந்தைத் தெளிவாக எட்ஜ் செய்து திராவிட் பிடித்த பிறகும், அம்பயர் விரல் தூக்கும் வரை கிரீஸில் நின்றார். அப்படி நிற்பது அவர் உரிமை. ஆயினும் மறுநாள் அவருடைய வார்த்தையை மட்டும் வேதமாக ஏற்கச் சொன்னால் எதிரணிக்கு எப்படி இருக்கும்? சாட்சிக்கு மதிப்பு அவர் முன்னே நடந்துகொண்ட விதத்திலிருந்துதான் வருகிறது. அந்த ஒப்பந்தம் சிட்னியோடு முடிந்துபோனது. இந்த மாதிரி ஒப்பந்தம் ஒரு வருத்தத்தோடு ஒழிய வேண்டியதுதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது, இன்றும் அதே எண்ணம்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்று. லீக் போட்டி, கேமரா கிடையாது. கல்லியில் ஒரு பையன் இரண்டு கையாலும் தாழ்வாக அள்ளினான். சுற்றிலும் ஐந்து பேர் கத்தினார்கள், அவன் மட்டும் கத்தவில்லை. ஸ்கொயர் லெக்கில் நின்ற அம்பயரைப் பார்த்தேன், அவர் தலையசைத்தார், தெரியவில்லை என்று. பையனைப் பார்த்துக் கேட்டேன். அவன் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரியல சார்" என்றான். நாட் அவுட் கொடுத்தேன். கேப்டன் அவனிடம் கோபமாகப் பேசுவதைக் கேட்டு, ஓவர் முடிந்ததும் கேப்டனை அழைத்து, இனி இந்தப் பையன் "பிடிச்சேன்" என்று சொன்னால் நான் மறுகேள்வி கேட்க மாட்டேன் என்று சொன்னேன். உணர்ச்சியில் சொன்னதுதான். ஒரு வீரரின் சொல்லை மட்டும் வைத்து அவுட் கொடுக்க அம்பயருக்கு எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் "தெரியவில்லை" என்பதுதான் ஒரு ஃபீல்டர் சொல்லக்கூடிய மிகக் கடினமான உண்மை என்று அன்று எனக்குப் புரிந்தது. உங்கள் கேள்வியில் "பட்டது", "படவில்லை" என்று இரண்டே பதில்கள் இருக்கின்றன. மூன்றாவது பதிலில்தான் பெரும்பாலான ஃபீல்டர்களின் நேர்மை சோதிக்கப்படுகிறது. ஐயம் இருக்கும்போது ஐயத்தைச் சொன்னாரா, அல்லது ஐயத்தை விழுங்கிவிட்டு ஓடிக் கொண்டாடினாரா?

அளவுக்கு மீறி அப்பீல் செய்வது தனிக் குற்றம். அம்பயரை நோக்கிப் பாய்ந்து வருவதும், விடாமல் கத்துவதும் 2017 முதல் சட்டப் புத்தகத்திலேயே நடத்தை விதிகளாக வந்துவிட்டன. முதலில் எச்சரிக்கை, மீண்டும் செய்தால் எதிரணிக்கு ஐந்து ரன். சர்வதேசப் போட்டிகளில் ஐசிசியின் தனி விதிகள் இதைப் பார்த்துக்கொள்கின்றன. 2001-ல் போர்ட் எலிசபெத்தில் மேட்ச் ரெஃப்ரி மைக் டென்னஸ் ஆறு இந்திய வீரர்களைத் தண்டித்த விவகாரத்தில் இந்தக் குற்றச்சாட்டும் இருந்தது.

எட்ஜ் வாங்கிய பேட்டர் தானே நடப்பதையும் உங்கள் நண்பர் நிச்சயம் இழுப்பார். 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் அம்பயர் அவுட் தராதபோதே ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் நடந்து போனார். 2013-ல் ட்ரெண்ட் பிரிட்ஜில் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராட் எட்ஜ் செய்து ஸ்லிப்பில் பிடிக்கப்பட்டும் நின்றார். அம்பயர் அவுட் தரவில்லை, ஆஸ்திரேலியாவுக்கு ரிவ்யூ மிச்சமில்லை, இங்கிலாந்து 14 ரன்னில் வென்றது. அவர் நின்றதும், தரையில் பட்ட பந்தைப் பிடித்ததாகக் காட்டுவதும் ஒன்றல்ல என்பது என் கருத்து. பேட்டர் எதையும் சொல்லவில்லை, மௌனமாக நிற்கிறார். ஃபீல்டர் வாய் திறந்து சொல்கிறார். கில்கிறிஸ்ட்டை நான் மனதார மதிக்கிறேன், பிராடைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். இதில் என்னோடு மாறுபடும் மூத்த அம்பயர்கள் பலர் உண்டு, அவர்கள் வாதத்திலும் பலம் இருக்கிறது.

சாட்சி தவறியபோது கேப்டன் திருத்தவும் வழி உண்டு. அடுத்த பந்து ஆட்டத்துக்கு வரும் முன், அம்பயரின் சம்மதத்தோடு அப்பீலைத் திரும்பப் பெறலாம். 1980-ல் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்டில் இங்கிலாந்தின் பாப் டெய்லருக்குக் கீப்பர் கேட்ச் என்று அவுட் கொடுக்கப்பட்டது. பேட்டில் படவில்லை என்று உணர்ந்த இந்தியக் கேப்டன் ஜி.ஆர். விஸ்வநாத் அவரைத் திரும்ப அழைத்தார். 58 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து தவித்த இங்கிலாந்து, டெய்லரும் போத்தமும் சேர்ந்த 171 ரன் கூட்டணியால் எழுந்து, 10 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. விஸ்வநாத் செய்தது தோல்விக்கு விலை போன ஏமாளித்தனம் என்று சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். எனக்கு அந்த எண்ணம் ஒருநாளும் வந்ததில்லை.

ஆக, எல்பிடபிள்யூவில் உங்கள் நண்பர் பக்கம் நான். தெரிந்தே கோரப்பட்ட கேட்சில் உங்கள் பக்கம். தெரியாமல் கோரப்பட்டதில் இருவருமே அவசரப்படுகிறீர்கள். அடுத்த முறை இப்படி ஒரு கேட்ச் வந்தால் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஃபீல்டரின் முதல் ஒரு வினாடியைப் பாருங்கள். 2019 ஜனவரியில், அதே சிட்னி மைதானத்தில், ஜடேஜா பந்தை ஆஸ்திரேலியாவின் மார்கஸ் ஹாரிஸ் தூக்கியடித்தபோது கே.எல். ராகுல் முன்னால் பாய்ந்து அள்ளினார். சக வீரர்கள் கொண்டாடத் தயாரானார்கள். ராகுல் எழுந்த வேகத்திலேயே பந்து தரையில் பட்டு வந்தது என்று கையால் காட்டிவிட்டார். அம்பயர் இயன் கோல்ட் அவரைப் பார்த்துக் கைதட்டினார். ஹாரிஸ் தொடர்ந்து ஆடி 79 ரன் எடுத்தார், ஆஸ்திரேலியாவின் அந்த இன்னிங்ஸில் அதுதான் அதிகபட்சம்.